பாதுகாப்பு அதிகாரி: பதவி உண்டு, அதிகாரம் இல்லை

மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாள். அன்று நம் ஆலைகளில் கொடியேற்றி, உறுதிமொழி வாசித்து, சுவரொட்டிப் போட்டியில் வென்றவருக்குப் பரிசளித்துக் கலைவார்கள். இச்சடங்கை நடத்திவைப்பவர் பாதுகாப்பு அதிகாரி. அவரைப் பழிப்பது நம் நோக்கமன்று. சடங்குக்கு மேல் எதையும் செய்யவிடாத ஏற்பாட்டையே நாம் எதிர்க்கிறோம்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின்படி, ஆயிரம் தொழிலாளர்களுக்குக் குறையாத ஆலைகளில் இப்பதவி கட்டாயம். அதனிடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டம் அவ்வெண்ணிக்கையை 500ஆகவும், அபாயகரமான செயல்முறை கொண்ட ஆலைகளில் 250ஆகவும் குறைத்தது. நல்லதுதான். ஆனால், தலைகளை எண்ணிவிட்டால் போதுமா? விதிகள் அவருக்குக் காலங்காலமாக வகுத்திருக்கும் கடமை, நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்வதும் உதவுவதும். கேட்பதும் கேளாதிருப்பதும் அவருக்குச் சம்பளம் தருபவரின் விருப்பம்.

போபாலில் ஆலோசனைக்கா பஞ்சம்? 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். 1982 மே மாதம் அமெரிக்கத் தலைமையகம் அனுப்பிய ஆய்வுக் குழுவே குறைகளைப் பட்டியலிட்டது. ஆயினும் 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்தபோது குளிரூட்டும் அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. எரிகோபுரத்துக்குச் செல்லும் குழாய் கழற்றப்பட்டிருந்தது. இரவுப் பணிநேரத்துப் பராமரிப்பு மேற்பார்வையாளர் பதவியோ சில நாள்களுக்கு முன்புதான் ஒழிக்கப்பட்டிருந்தது. அபாயம் தெரிந்தே இருந்தது. ஆலையை நிறுத்தும் அதிகாரம்தான் தெரிந்தவர்களிடம் இல்லை.

‘கண்டவர் கையில் அவ்வதிகாரத்தைக் கொடுத்தால் உற்பத்தி என்னாவது?’ என்பார்கள். ரயில் பெட்டியில் அபாயச் சங்கிலி எல்லாப் பயணிகளின் கைக்கும் எட்டும்படித்தான் தொங்குகிறது. காரணமின்றி இழுப்பவருக்குத் தண்டனை உண்டு. அதனால் ரயில்கள் ஓடாமற் போய்விடவில்லை. பயணிக்குத் தரும் நம்பிக்கையை, அதற்கென்றே படித்துத் தேர்ந்த ஒருவருக்குத் தர ஏன் தயக்கம்?

நாம் கேட்பவை மூன்று: ஆபத்தைக் கண்ட கணமே வேலையை நிறுத்த அவருக்குச் சட்டப்படி உரிமை வேண்டும், அரசுத் தொழிற்சாலை ஆய்வாளரின் ஒப்புதலின்றி அவரை நீக்கவோ மாற்றவோ கூடாது, அவர் எழுதும் அறிக்கை தொழிலாளர்களின் கண்ணிலும் படவேண்டும்.

போபால் வழக்கில் 2010 ஜூனில் தீர்ப்பு வந்தது. குற்றவாளிகளுக்கு ஈராண்டுச் சிறை, அன்றே ஜாமீன். ஆயிரக்கணக்கான சாவுகளுக்குப் பின் கிடைக்கும் நீதி இவ்வளவே என்றால், சாவுக்கு முன் தடுக்கும் கையையாவது நாம் கட்டிவைக்காதிருக்கவேண்டும்.