யாருக்காகக் கடை திறக்கிறோம்?

போன மாதம் ஒரு ஞாயிறு மாலை. சங்கரன்கோவிலில் எங்கள் படிப்பு வட்டம் கூடும் மொட்டை மாடிக்கு ஒரு தம்பி கடன் விண்ணப்பம் ஒன்றை எடுத்து வந்தார். பெயர், முகவரி, சாதிச் சான்றிதழ் எண், கல்வித் தகுதி எல்லாம் நிரப்பியாகிவிட்டது. ஒரு கட்டம் மட்டும் காலி. சுயதொழில் தொடங்க விரும்புவதற்கான காரணம்.

"இதுல என்னண்ணே எழுத?"

"வருமானத்துக்குன்னு எழுது தம்பி. அவன் என்ன அதையா படிக்கப் போறான்?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

தம்பி எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "பாஞ்சாங்குளம் வீடியோ பாத்தேம்லா, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். எங்க தெருவுல ஒரு கடை போடணும். எங்க பிள்ளைக யாருட்டயும் போயி நிக்கக் கூடாது."

மாடியில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த ஒரு கட்டத்தைப் பற்றித்தான் அன்று இரவு ஒன்பது மணி வரை பேசினோம். பேசியதில் முக்கியமானவற்றை இங்கே எழுதுகிறோம். சொந்தக் காலில் நிற்க நினைக்கும் தோழர்கள் எல்லோரும் ஒருநாள் நிரப்ப வேண்டிய கட்டம் அது.

பாஞ்சாங்குளம் நமக்குத் தொலைவான ஊர் அல்ல. கரிவலம்வந்தநல்லூர் பக்கம். 2022 செப்டம்பரில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிப் பள்ளிப் பிள்ளைகளிடம், ஊர்க்கட்டுப்பாடு போட்டிருக்கிறோம், இனி உங்களுக்குத் தரமாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அது காணொளியாகப் பரவியது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் வரக்கூடாது என்று திருநெல்வேலி நீதிமன்றம் உத்தரவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஊரைவிட்டு வெளியேற்றும் பிரிவு உண்டு என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

எத்தனையோ பேர் அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டோம். இந்தத் தம்பிக்கு அதில் வேறொன்றும் தெரிந்திருக்கிறது. பெட்டிக்கடை மிட்டாய் விற்கிற இடம் மட்டுமல்ல. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று சொல்லும் அதிகாரமும் அங்கே கல்லாப்பெட்டியோடு சேர்ந்து இருக்கிறது. அந்த அதிகாரத்தைச் சாதியின் கையிலிருந்து வாங்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார். இது நியாயமான காரணம். இதைக் கொச்சைப்படுத்தும் எந்த அறிவுரையையும் நாங்கள் ஏற்கவில்லை.

ஆனால் அன்று நாங்கள் அவரிடம் கேட்ட கேள்வி இதுதான்: இந்தக் கோபம் கடையைத் திறக்க வைக்கும். நாற்பதாவது நாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து கதவைத் திறக்க வைக்குமா?

எங்கள் வட்டத்திலேயே சொந்தத் தொழில் செய்கிறவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன் தன் கதையைச் சொன்னார். அவர் முன்பு வேறொருவர் பட்டறையில் எட்டு வருடம் வேலை பார்த்தவர். அங்கே அவருக்கு மட்டும் தனி டீ கிளாஸ். ஒருநாள் அந்தக் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தார். சொந்தப் பட்டறை போட்டார். "மொத ஆறு மாசம் அந்தாளு பைக்ல என் பட்டறையத் தாண்டிப் போறப்ப நிமிர்ந்து பாக்கானான்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன். வேலையில கண்ணு இல்ல. ரெண்டு வண்டி திரும்பி வந்துச்சு, சரியாப் பாக்கலன்னு." பிறகு எப்படி மாறியது என்று கேட்டோம். "ஒரு பழைய புல்லட்டு வந்துச்சு. எவனும் கிளப்ப முடியல. மூணு நாள் கெடந்து பாத்தேன். நாலாவது நாள் சத்தம் வந்தப்ப அந்தாள் நெனப்பே எனக்கு இல்ல. அப்பத்தான் தெரிஞ்சுது நான் எதுக்கு இதுல இருக்கேன்னு."

பொத்தாம் பொதுவாக 'ஊக்கம்' என்று பேசுகிறவர்கள் சொல்லாத ஒன்று இந்தக் கதையில் இருக்கிறது. அவமானத்திலிருந்து வெளியேறுவது வேறு, ஒரு வேலைக்குள் நுழைவது வேறு. முதலாவது நம்மை வாசல் வரை தள்ளிக்கொண்டு வரும். அதற்குமேல் இரண்டாவது வேண்டும். 'அவனுக்குக் காட்ட வேண்டும்' என்று தொழில் செய்யும் வரை, நம் நாள் நல்லதா கெட்டதா என்பதை முடிவு செய்கிறவனாக அவனே இருக்கிறான். சம்பளம் கொடுக்காத முதலாளியாக அவனை மறுபடியும் நாமே வைத்துக்கொள்கிறோம்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலும் இந்த இடம் வருகிறது. நம் மாணவர்கள் அவரை அரசியலமைப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போய், தங்க ஓர் அறை கிடைக்காமல், பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டு பம்பாய்க்குத் திரும்பியவர் அவர். அமெரிக்காவில் பொருளாதாரம் படித்திருந்தார். பங்குகள் வாங்குவது, விற்பது பற்றி ஆலோசனை சொல்லும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்தினார்கள். தொழில் படுத்தது. 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கே பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிப்பதற்குச் சக பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபம் செய்தார்கள்.

அதன் பிறகும் அவர் 1923இல் மறுபடி சொந்தத் தொழிலுக்குத்தான் வந்தார், இந்த முறை வழக்கறிஞராக. பதிவு செய்துகொள்ளும் கட்டணத்துக்கே நண்பர் நவல் பதேனாவின் உதவி தேவைப்பட்டது. வழக்குகளும் எளிதில் வரவில்லை. இருந்தும் அடுத்த ஆண்டே பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கினார். மகாடு குளப் போராட்டம் நடந்த 1927இலும் அவர் வக்கீல்தான். அவருக்கு அந்தத் தொழில் வெறும் வருமானம் அல்ல, யாரிடமும் விடுப்பு கேட்காமல் மக்களிடம் போகும் சுதந்திரம் என்றே நாங்கள் வாசிக்கிறோம். நம் மண்ணில் அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவம் பார்த்துக்கொண்டே 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். கைத்தொழில் இருந்தது, அதனால் எழுத்தில் யாருக்கும் வளைய வேண்டியிருக்கவில்லை. இப்படியும் ஒரு காரணம் உண்டு, தோழர்களே. வேலையை நேசிப்பதற்காக மட்டுமல்ல, வேறொன்றைச் செய்ய நேரமும் நிமிர்வும் வேண்டும் என்பதற்காகவும் ஒருவர் சொந்தத் தொழில் செய்யலாம். அது எது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'நீ ஏன் செய்கிறாய்?' என்று நம்மை நாமே கேட்பது வேறு. மேடையேறி, 'உனக்குள் நெருப்பு இருந்தால் எல்லாம் முடியும்' என்று நமக்குப் பாடம் எடுப்பது வேறு. இரண்டாவது ஒரு பொய். 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து நடந்த ஓர் ஆய்வு, நாட்டின் மக்கள்தொகையில் 16.4 விழுக்காடாக இருந்த பட்டியல் சாதியினர் கையில் 9.8 விழுக்காடு தொழில் நிறுவனங்களே இருந்தன என்று காட்டியது. இடைப்பட்ட அந்த ஆறரை விழுக்காடு பேருக்கும் நெருப்பு இல்லாமல் போய்விட்டதா? வங்கி அடமானம் கேட்கும்போது காட்ட நிலம் இல்லை. 1892 முதல் நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் யார் யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

நிலம் இல்லாமல், வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்தபோதும் விட்டார்களா? 1995இல் நம் வீரசிகாமணியில் தொடங்கிய மோதல் தென்மாவட்டமெங்கும் பரவியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் நுழைந்த காவல்துறை எதை உடைத்தது என்று படித்துப் பாருங்கள். தொலைக்காட்சிப் பெட்டி, மின்விசிறி, தையல் இயந்திரம், வெளிநாட்டு வேலைக்கான பாஸ்போர்ட், பிள்ளைகளின் சான்றிதழ். வளைகுடாவில் வியர்வை சிந்திய காசில் வந்த பொருள்கள் குறிவைத்து நொறுக்கப்பட்டன. கடல் தாண்டியும் இதே கதை உண்டு. அமெரிக்காவின் டல்சா நகரில் கறுப்பின மக்கள் தாங்களே கட்டியெழுப்பிய கடைத்தெருவை 1921இல் வெள்ளையர் கும்பல் எரித்துச் சாம்பலாக்கியது. ஆகவே நம் தொழில் படுத்தால் உடனே 'எனக்கு ஊக்கம் போதவில்லை' என்று நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டாம். எது நம் தவறு, எது நம்மீது நடத்தப்பட்டது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வோம். நம் காரணம் நமக்குத் தெளிவாகத் தெரிந்தால்தான் இந்தப் பிரிப்பும் தெளிவாக வரும்.

பிரித்துப் பார்த்தபின் பிடித்துக்கொள்ளச் சட்டம் இருக்கிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டியல் சாதியினர் தொழில், வியாபாரம் செய்வதைத் தடுப்பதும், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்புச் செய்வதும் மிரட்டுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம். கடன் பக்கம் தாட்கோ இருக்கிறது. 2023இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. சலுகை என்று தலைகுனிந்து போகாதீர்கள். நம் பங்கு என்று கேளுங்கள்.

அன்று மாடியில் பெரிய வாக்குவாதம் வந்தது வேறொன்றில். செல்போன் பழுதுபார்க்கும் தோழர் ஒருவர் தன் கடையில் அண்ணல் படத்தை மாட்டியிருக்கிறார். ஆனால் வாடிக்கையாளர் கண்ணில் படும் சுவரில் அல்ல. மேசைக்கு அடியில், அவர் குனிந்தால் மட்டும் தெரியும் இடத்தில். "இது என்ன தோழர், ஒளிச்சு வைக்கவா படம்?" என்று ஒரு தங்கை கோபப்பட்டார். அவர் தையல் கடை நடத்துகிறார், படம் வாசலிலேயே இருக்கிறது, அதனால் சில வீட்டு ரவிக்கைகள் வராமல் போனதும் அவருக்குத் தெரியும். செல்போன் தோழர் சொன்ன பதில்: "வாடகை குடுக்கணும்லா. கடன் அடையட்டும். அதுவரைக்கும் அவர் என்னையப் பாத்தாப் போதும்."

இதில் யார் சரி என்று நாங்கள் தீர்ப்பு எழுதவில்லை. அண்ணலின் ஆலோசனைத் தொழிலே சாதி தெரிந்ததும் படுத்தது என்றால், சங்கரன்கோவிலில் ஒரு சின்னக் கடைக்காரர் பயப்படுவதைக் கோழைத்தனம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் இருவரும் தங்கள் காரணத்தை அறிந்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தோம். தங்கைக்குத் தன் பெயரோடும் தெருவோடும் நிமிர்ந்து நிற்பதுதான் தொழிலின் பொருள். அதற்கான இழப்பைக் கணக்கிட்டே ஏற்றிருக்கிறார். தோழருக்குக் கடன் தீர்வது முதல், படம் சுவருக்கு வருவது அடுத்து. அவர் தனக்கே ஒரு தவணை வைத்திருக்கிறார். அந்தத் தவணை தள்ளித் தள்ளிப் போகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை என்று அவரிடமே சொல்லிவிட்டோம்.

எனவே விண்ணப்பம் நிரப்பும் முன் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திறப்பு விழா நாளைக் கற்பனை செய்யும்போது யார் முகம் வருகிறது என்று எழுதுங்கள். அம்மா முகமா, அவமானப்படுத்தியவன் முகமா, முகமே இல்லாமல் வேலை மட்டும் வருகிறதா? யாரும் சொல்லாமல், காசும் வாங்காமல் எந்த வேலையை நேரம் போவது தெரியாமல் செய்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஒரு மாதம் ஒரு ரூபாயும் வராவிட்டால் யாரிடம் போய் உண்மையைச் சொல்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தக் கடைசி வரிக்குப் பதில் இல்லை என்றால், கடனுக்கு முன் தோழர்களைத் தேடுங்கள்.

தம்பியிடமும் இவற்றைக் கேட்டோம். திறப்பு விழாவில் யார் முகம் என்றதற்கு அவர் தயங்கவில்லை: "மேலத்தெரு கடைக்காரர்." எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். சும்மா செய்கிற வேலை எது என்று கேட்டோம். வெகுநேரம் யோசித்துவிட்டு, மகளிர் குழுவில் அம்மாவுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது தானே என்றார். நான்கு வருடமாக எழுதுகிறாராம். ஒரு ரூபாய் இடித்தாலும் தூக்கம் வராதாம். பெட்டிக்கடை என்பது பாதி கணக்குதான். பத்து ரூபாய் பிஸ்கட்டில் ஒரு ரூபாய் சொச்சம் நிற்கும் தொழிலில், கடன் நோட்டைச் சரியாக வைக்காதவர் மூன்று மாதம் தாண்டமாட்டார். சொந்தத் தெருவில் கடை வைப்பவருக்குச் சொந்தக்காரர்களே கடன்காரர்கள். 'நம்ம பிள்ளைகளுக்காக' என்று திறந்த கடையில், நம் மாமாவிடமே 'பழைய பாக்கியக் குடுங்க மாமா' என்று கேட்க வேண்டிவரும். கோபம் அதற்கு உதவாது. கணக்கில் உள்ள பிரியம் உதவும்.

இரவு ஒன்பது மணிக்கு அவர் அந்தக் கட்டத்தை நிரப்பினார். எழுதியது இது: 'எங்கள் தெருவில் கடை இல்லை. பிள்ளைகள் மரியாதையோடு பொருள் வாங்க ஒரு கடை வேண்டும். எனக்குக் கணக்கு நன்றாக வரும்.'

வங்கியில் இதை யாராவது படிப்பார்களா என்பது தெரியாது. நகல் எடுத்துக் கல்லாப்பெட்டிக்குள் ஒட்டிவைக்கச் சொல்லியிருக்கிறோம். அடுத்த ஞாயிறு கடன் நோட்டு எப்படி எழுதுவது, யாருக்கு எத்தனை ரூபாய் வரை பாக்கி விடுவது என்று பேசப்போகிறோம். மகளிர் குழுக் கணக்கு பார்க்கும் அவருடைய அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறோம். சொந்தத் தொழில் யோசனையோடு இருக்கும் தோழர்கள் வாருங்கள். வரும்போது அந்த நோட்டில் உங்கள் பதில்களை எழுதிக்கொண்டு வாருங்கள்.