படத்தில் விழாத வரி

மும்பையிலோ பெங்களூருவிலோ போர்ஷே டைகான் ஒன்று தென்பட்டால் கைப்பேசிகள் உயர்கின்றன. அரிய மின்சார ஸ்போர்ட்ஸ் காரைக் கண்டது பேறென்றும், அதன் உரிமையாளர் சூழல் காவலர் என்றும் பதிவுகள் பெருகுகின்றன. வியக்கட்டும், ஆனால் அறத்தை ஏன் இழுக்க வேண்டும்? ஒன்றரைக் கோடியைத் தாண்டும் அவ்வண்டிக்குச் சரக்கு சேவை வரி 5 விழுக்காடு. கடன் வாங்கி ஒரு குடும்பம் எடுக்கும் சிறிய பெட்ரோல் காருக்கோ, 2025 செப்டம்பரில் குறைத்த பின்னரும் 18. இறக்குமதித் தீர்வை உண்டே என்பர். அது வெளிநாட்டுப் பெட்ரோல் காருக்கும் உண்டு. விலை பாராது வழங்கும் சலுகை செல்வருக்கே மிகுதியாகச் சேர்கிறது. 25 லட்சத்தைத் தாண்டும் மின்சாரக் கார்களுக்கு 2024இல் 10 விழுக்காடு வாழ்நாள் வரி விதித்த கர்நாடகம் நேர்வழி காட்டியது. படமெடுப்போர் அறியட்டும்: அந்தச் சலுகையில் அவர்தம் பணமும் உண்டு.