கறுப்புக் கிறனைற் எண்டு ஒரு கல் இல்லை

"சிமெந்தில கட்டினா உடைப்பாங்கள். கறுப்புக் கிறனைற்றில வைப்பம், அதுதான் நிண்டு பிடிக்கும்." ஊரில் ஒரு நினைவுச்சின்னம் பற்றிக் கதைக்கக் கூடின கூட்டத்தில் ஒரு தம்பி இப்படிச் சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

முதலில் கல்லைப் பற்றி. கிறனைற் எண்டால் அதில் குவாட்ஸ் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். மிச்சத்தில் பெரும்பகுதி ஃபெல்ட்ஸ்பார். அதனால்தான் அது வெளிறல், சாம்பல், இளஞ்சிவப்பு நிறங்களில் வரும். கடையில் 'கறுப்புக் கிறனைற்' எண்டு விக்கிறது பெரும்பாலும் கப்ரோ அல்லது டொலரைட். அதுவும் பாறைக்குழம்பு ஆறி இறுகின கல்தான், ஆனால் சிலிக்கா குறைவு, இரும்பும் மக்னீசியமும் கூட. குசினி மேசைக்கு எந்தப் பெயரும் பரவாயில்லை. செத்தவரின் பெயரைப் பொறிக்கிற கல்லின் பெயரே பிழையாய் இருக்கலாமோ?

உலகத்தில் ஆகப் பேர்போன 'கறுப்புக் கிறனைற்' நினைவுச்சின்னமும் இந்தக் கதைதான். வொஷிங்டனில் 1982இல் திறந்த வியட்நாம் போர் வீரர் நினைவுச்சுவர். வடிவமைத்த மாயா லின் அப்போது 21 வயது மாணவி. 1,421 வடிவமைப்புகளுக்குள் அவருடையது தெரிவானது. கல் கப்ரோ வகை. பெங்களூர்ப் பக்கத்தில் இருந்து கப்பலேறிப் போனது. ஏன் அவ்வளவு தூரம்? நல்ல கறுப்புக் கல் கனடாவிலும் சுவீடனிலும் கிடைக்கும். ஆனால் அந்தப் போருக்குப் போக மாட்டம் எண்ட அமெரிக்கப் பெடியளுக்கு அடைக்கலம் குடுத்த நாடுகள் அவை. அதனால் அந்தக் கல் வேண்டாமாம்! பூமிக்கு அடியில் கோடிக்கணக்கான வருசம் கிடந்த கல்லுக்கும் கட்சி ஒட்டினார்கள். கல் நடுநிலையானது எண்டு இனி ஆரும் எனக்குச் சொல்லாதேங்கோ.

அந்தச் சுவரை நான் பழிக்கவில்லை. மினுக்கின கறுப்பில் பார்க்கிறவரின் முகம் தெரியும், பெயர்களுக்கு மேலால். எழுத்து வெட்டின இடத்தில் மினுக்கம் உடைந்து ஒளி சிதறும், அதனால் பெயர் சாம்பலாய்த் துலங்கும். மையே தேவையில்லை. பெயர்கள் அகரவரிசையில் இல்லை, பதவி வரிசையிலும் இல்லை. செத்த நாள் வரிசை. ஒரே நாளில் செத்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள்.

ஆனால் ஆருடைய பெயர்கள்? 58,000க்கு மேல், எல்லாம் அமெரிக்கப் படையினர். வியட்நாம் அரசு 1995இல் வெளியிட்ட கணக்கில் 11 லட்சம் போராளிகள், 20 லட்சம் வரை பொதுமக்கள். அவர்களையும் அதே அளவு எழுத்தில் வெட்டினால், 150 மீற்றர் சுவர் 8 கிலோமீற்றர் அளவுக்கு நீளும். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் தொடங்கினால் இணுவிலையும் தாண்டும். அவ்வளவு பேரை விட்டுப்போட்டுத்தான் அந்தச் சுவர் அழகாய் நிற்கிறது.

இனி 'நிண்டு பிடிக்கும்' கதை. அந்தச் சுவரின் சில பலகைகளில் 1980களிலேயே மயிரிழை வெடிப்புகள் கண்டார்கள். மற்றப் பக்கம், இரண்டு உலகப் போர்களிலும் செத்த பொதுநலவாயப் படையினரின் நடுகற்களைப் பாருங்கோ. ஐரோப்பாவில் பெரும்பாலானவை போர்ட்லன்ட் சுண்ணாம்புக்கல். எங்கட குடாநாடும் சுண்ணாம்புக்கல்தான். மழைத்தண்ணி அதைக் கரைக்கும் எண்டதற்கு நிலாவரைக் கிணறே சாட்சி. அப்படிப்பட்ட மெல்லிய கல்லில் நூறு வருசமாய்ப் பெயர் வாசிக்கக்கூடியதாய் இருக்குது எண்டால், எழுத்து மங்க மங்க வெட்டி, தேஞ்ச கல்லை மாத்தி வைக்க 1917இல் இருந்து ஒரு நிறுவனமும் காசும் ஆட்களும் இருப்பதால்தான். கல்லின்ட கெட்டித்தனம் இல்லை.

உடைக்க வாறவனிட்ட பெக்கோ இருக்கும். அவன் குவாட்ஸ் எத்தினை வீதம் எண்டு பார்த்து உடைக்கப் போறதில்லை. 2021 ஜனவரி 8 இரவு யாழ். பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தபோது அது என்ன கல் எண்டு ஆரும் கேட்டார்களா? மாணவர்கள் வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். சில நாளிலேயே திரும்ப அடிக்கல் வைக்க வேண்டி வந்தது. ஏப்ரலில் தூபி திரும்ப நின்றது.

கூட்டத்தில் நான் இவ்வளவும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டன்: பொறிக்கப் போற பெயர்களின்ட பட்டியல் எங்க? கல்லுக்கு மூண்டு கடையில் விலை எடுத்து வைத்திருந்தார்கள், அடிக்கணக்குச் சகிதம். பட்டியலில் 40 பெயர் கூட இல்லை. குழந்தைகள் சிலருக்குப் பெயர் இருந்த இடத்தில் 'இன்னாரின் மகள்' எண்டு மட்டும் கிடந்தது. இரண்டு குடும்பம் கனடாவில், ஒரு அம்மம்மா பக்கத்து ஒழுங்கையில். அந்த அம்மம்மாவிடம் இன்னும் ஒருவரும் போய்க் கேட்கவில்லை.