காதுக்குக் கேட்காததைத் தூக்கிப் போடலாமா?

எங்க ஊர் திமிரி, ஆற்காடு பக்கம். மூணு வருஷத்துக்கு முன்னாடி திரௌபதி அம்மன் திருவிழாவுல தெருக்கூத்தை போன்ல ரெக்கார்ட் பண்ணேன். குடும்ப குரூப்ல அனுப்ப சைஸ் குறையட்டும்னு 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கிட்டு, ஒரிஜினலை அழிச்சுட்டேன். அதுல முகவீணை வாசிச்ச தாத்தா இப்ப இல்ல.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு அந்த முகவீணையை மட்டும் தனியா பிரிக்கப் பார்த்தேன். வரல. ஏன்னு தேடினப்பதான் எம்பி3 என்ன செய்யுதுன்னு புரிஞ்சது.

சிடி ஆடியோ நொடிக்கு 1411 கிலோபிட். எம்பி3 அதை 128-க்குக் கொண்டு வரும், பதினொண்ணுல ஒரு பங்கு. பஸ் ஹார்ன் அடிக்கும்போது பக்கத்துல இருக்கறவன் பேசறது கேட்காது இல்லையா, அதே கதைதான். பெரிய சத்தம் பக்கத்து அலைவரிசையில இருக்கற சின்ன சத்தத்தை மறைச்சுடும். மறைஞ்சதுக்கு எதுக்கு பிட் செலவுன்னு என்கோடர் அதைக் குறைச்சுடும், இல்ல மொத்தமா விட்டுடும். பெங்களூர் ஐஐஎஸ்சியில பிஹெச்டி முடிச்ச என்.எஸ். ஜெயந்த், பெல் லேப்ஸ்ல ஜான்ஸ்டன், சஃப்ரானெக் கூட சேர்ந்து 1993-ல எழுதின பேப்பர் இதைப் பத்தினதுதான். படிச்சுப் பாருங்க, நம்ம டிஎஸ்பி நோட்ஸை விட நல்லா புரியும்.

நான் இந்த டெக்னிக்கைக் குறை சொல்லல. பாட்டு கேட்க இது அருமை. ஆனா ‘கேட்காது’ன்னா ‘தேவையில்லை’ன்னு அர்த்தமா? மிருதங்கத்துக்கும் ஆர்மோனியத்துக்கும் அடியில மறைஞ்ச முகவீணைதானே எனக்கு வேணும்! ஒரிஜினல் இருந்தாலும் பிரிக்கறது சுலபம் இல்லதான், ஆனா முயற்சி பண்ணவாவது ஏதாவது இருந்திருக்கும்.

தாளம் இன்னும் மோசம். எம்பி3 சுமார் 26 மில்லிசெகண்ட் ஆடியோவை ஒரு ஃப்ரேமா எடுக்கும். ‘ஜல்’னு அடி விழும்போது வர்ற பிழை, அடிக்கு முன்னாடி இருக்கற அமைதியிலயும் பரவிடும். அதுக்கு ப்ரீ எக்கோன்னு பேர். இதைச் சமாளிக்க சின்ன பிளாக் இருக்கு, ஆனா 64-ல பிட் பத்தாது. என் ஃபைல்ல ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி ஒரு ‘ஷ்ஷ்’ வருது.

அதனால உங்க ஊர் கூத்து, பறை, பாட்டியோட தாலாட்டு எது இருந்தாலும் எம்பி3-ய அனுப்புங்க, ஒரிஜினலை அழிக்காதீங்க. இடம் இல்லன்னா ஃப்ளாக் ஆக்குங்க. சைஸ் குறையும், ஒரு பிட் கூட போகாது.

இந்த வருஷம் வேவ் ஃபைல்லதான் பதிவு பண்ணப் போறேன். ஆனா முகவீணைக்கு ஆள் இல்லையாம், ஆர்மோனியம் மட்டும்தான்னு அம்மா சொன்னாங்க.