சிக்னல் வரலைன்னாலும் அது ரிசல்ட்தான்

லேப்ல நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச வித்தை ஒன்னு இருக்கு. முதல்ல சீனியர் ரெக்கார்டைப் பார்த்து கிராஃப் போட்டுடுவோம். அப்புறம் அதுக்கேத்த மாதிரி ரீடிங் எழுதுவோம். வராததை 'வரல'ன்னு எழுதினா மார்க் போயிடும்னு பயம். நானும் செஞ்சிருக்கேன். அது ஏன் தப்புன்னு எனக்குப் புரியவெச்சது ஒரு ஏரியில் மிதந்த ஆன்டெனா.

கொஞ்சம் பின்னாடி போவோம், சுமார் 1,380 கோடி வருஷம். பெருவெடிப்பு நடந்து ஏறக்குறைய 3,80,000 ஆண்டுகள் ஆனபோது அண்டம் 3,000 கெல்வின் அளவுக்குக் குளிர்ந்தது. தனித்தனியாகத் திரிந்த எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் சேர்ந்து ஹைட்ரஜன் ஆயின. ஒளிக்கு வழி கிடைத்தது. அந்த ஒளியின் மிச்சம்தான் இன்றைக்கும் 2.7 கெல்வினில் வானம் முழுக்க இருக்கும் நுண்ணலைப் பின்புலம். அதுக்கப்புறம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு நட்சத்திரம் இல்லை, கேலக்ஸி இல்லை. ஹைட்ரஜன், ஹீலியம், கரும்பொருள் அவ்வளவுதான். கரும்பொருளின் ஈர்ப்பு வாயுவை மெதுவாக இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தது. இதைத்தான் இருண்ட காலம் என்கிறார்கள்.

வெளிச்சமே இல்லாத காலத்தை எப்படிப் பார்ப்பது? இங்கேதான் விஷயம் நம்ம இசிஇ பக்கம் வருது. ஹைட்ரஜன் 21 செ.மீ. ரேடியோ அலையை, அதாவது 1,420 மெகாஹெர்ட்ஸை, உமிழும், உறிஞ்சும். அண்டம் விரிய விரிய அந்த அலையும் நீண்டு, நம்மிடம் வரும்போது 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடுகிறது. எஃப்எம் ஸ்டேஷன்கள் கத்திக்கொண்டிருக்கும் அதே இடம்! முதல் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளி பட்டதும் ஹைட்ரஜன் பின்புலக் கதிர்வீச்சை உறிஞ்சத் தொடங்கும். ஸ்பெக்ட்ரத்தில் ஒரு சின்னப் பள்ளம் தெரியணும். அதன் ஆழம் ஒரு கெல்வினில் சிறு பங்கு. அதை மூடி நிற்கும் நம் பால்வீதியின் இரைச்சலோ ஆயிரம் கெல்வினுக்கும் மேல்.

2018-ல் ஆஸ்திரேலியாவில் வைத்திருந்த எட்ஜஸ் என்ற கருவியின் குழு, 78 மெகாஹெர்ட்ஸில் பள்ளம் கிடைச்சதாக அறிவித்தது. பெருவெடிப்புக்கு 18 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு நட்சத்திரங்கள் இருந்தன என்று அர்த்தம். ஆனால் ஆழம் அரை கெல்வின், எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 'கரும்பொருள்தான் வாயுவைக் குளிர வைத்திருக்கும்' என்று விளக்கங்களும் வரிசையாக வந்தன.

பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் குழு திரும்ப அளந்து பார்க்க முடிவு செய்தது. ஆன்டெனாவுக்குக் கீழே இருக்கும் மண்ணே அளவீட்டைக் கெடுக்கலாம்; அடுக்குக்கு அடுக்கு மண் வேற. தண்ணீர் அப்படியில்லை, ஒரே சீர். அதனால் 2020-ல் சரஸ் 3 என்ற கருவியை மிதவையில் ஏற்றி, கர்நாடகத்தில் தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி அணையின் நீர்ப்பரப்பிலும் விட்டார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

2022-ல் முடிவு வந்தது: எட்ஜஸ் சொன்ன பள்ளம் இல்லை, 95.3 சதவீத உறுதியோடு.

'அப்போ இவங்களும் ஒன்னும் கண்டுபிடிக்கலையா?'ன்னு நண்பன் கேட்டான். நான் ஒத்துக்க மாட்டேன். முதல் நட்சத்திரங்கள் இல்லைன்னு யாரும் சொல்லல. அந்த வடிவத்தில் சிக்னல் வரல, அவ்வளவுதான். ஆனா அந்த 'வரல'வைச் சொல்ல எத்தனை வருஷ சர்க்யூட் வேலை, எத்தனை கேலிப்ரேஷன் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. எட்ஜஸ் குழுவையும் நான் குறை சொல்ல மாட்டேன். வந்ததை வந்தபடி எழுதினாங்க. அப்படி எழுதினதாலதான் இன்னொருத்தர் சரிபார்க்க முடிஞ்சது. நம்ம ரெக்கார்டை யாராவது சரிபார்க்க முடியுமா?

பிராஜெக்ட் ரிவ்யூவில் 'என்ன வரல, ஏன் வரல' என்பதற்குத் தனியா மார்க் வைக்கணும். டிபார்ட்மென்ட்டில் இதைக் கேட்கப்போறேன், நீங்களும் கேளுங்க. அடுத்த மாசம் எங்க ரிவ்யூ. எங்க சென்சார் இன்னும் பாதி நேரம் தப்பாத்தான் காட்டுது. அந்த ரீடிங்கையும் ஸ்லைடுல போட்டிருக்கோம்.