தென்னூரில் மாலை, தொலைநாட்டில் ஆய்வு

ஆண்டுதோறும் சனவரித் திங்கள் 25-ஆம் நாள் திருச்சிராப்பள்ளித் தென்னூரில் கட்சிக்கொடி கட்டிய உந்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. மொழிப்போர் ஈகியர் கீழப்பழூர்ச் சின்னசாமி, விராலிமலைச் சண்முகம் ஆகிய இருவரின் நினைவிடம் அங்குள்ளது. மாலை வைக்கின்றனர், வணக்கம் முழங்குகின்றனர், படம் எடுத்துக்கொள்கின்றனர். ஒரு கட்சியார் இறங்க மறு கட்சியார் ஏறுகின்றனர். மறுநாள் மாலைகள் வாடுகின்றன. அவ்வழியே செல்லும் பள்ளி மாணவன் ஒருவன், "இவர்கள் யார்? எந்தச் சொல் கேட்டு இப்படிச் செத்தார்கள்?" என்று கேட்பானாயின், அவனுக்கு விடை கூற வேண்டியவர் யார்?

சின்னசாமி பேராசிரியரல்லர், புலவரல்லர். சிற்றூரிலே பிறந்த எளிய உழைப்பாளி. தி.பி. 1995, அதாவது 1964-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள், திருச்சிராப்பள்ளித் தொடர்வண்டி நிலையத்தின் முன் தம் உடலில் கன்னெய் ஊற்றித் தீயிட்டுக்கொண்டார். தமிழ் வாழ்க என்பதும் இந்தி ஒழிக என்பதுமே அவர் இறுதியாக எழுப்பிய குரல். அகவை இருபத்தேழைத் தாண்டாதவர். மனைவியும் பெண்மகவும் உடையவர். அடுத்த ஆண்டு பிப்பிரவரி 25-இல் சண்முகம் நஞ்சுண்டு மாண்டார். இவ்விருவர்க்கும் மொழிப்பற்றை ஊட்டிய பல்கலைக்கழகம் எது? திடல்தான். அக்காலத்துச் சிற்றூர்த் தமிழனுக்கு மொழிச் செய்தி நூல்வழி வந்ததைக் காட்டிலும் செவிவழி வந்ததே மிகுதி. கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டான். நடந்தே ஊர் திரும்பினான். வழியெல்லாம் கேட்டதை அசைபோட்டான். அச்சொல் அவனுள்ளே என்ன செய்தது என்பதைத்தான் அறிந்தாக வேண்டும்.

இதனை ஆய்வதற்கு மேலை நாடுகளில் துறைகள் உள்ளன. சொல் அவையை எவ்வாறு அசைக்கிறது என்பதை ஆயும் உரைத்திறக் கலை ஒன்று. கிரேக்க அரிசுட்டாட்டில் காலந்தொட்டு அங்குப் பாடமாக இருந்துவருவது. ஒரு மக்களினம் எதனை நினைவில் வைக்கிறது, எதனை மறக்கிறது, நினைவிடம் ஏன் எழுப்புகிறது என ஆயும் நினைவியல் மற்றொன்று. நினைவு தனியொருவன் மூளையில் மட்டும் இருப்பதன்று, கூட்டத்தால் தாங்கப்படுவது என்று காட்டிய பிரெஞ்சு அறிஞர் ஆல்புவாக்கு 1945-இல் செருமானியர் கொலைக்கூடத்தில் மாண்டார். மூன்றாவது, நூலையும் இதழையும் குரலையும் கணினியில் ஏற்றி, கண்ணால் ஒரு வாழ்நாளில் படித்து முடிக்கவியலாத குவியலை ஒருங்கே ஆயும் கணினிவழி மாந்தவியல். இம்மூன்றிலும் பயின்று, பட்டம் பெற்று, ஊதியம் பெற்று, வாழ்நாள் முழுவதும் அதுவே தொழிலாக இருப்போர் அங்குப் பலர். இங்கோ, சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும், அவையறிதலுக்கு ஒன்றும், அவையஞ்சாமைக்கு ஒன்றுமாகத் திருவள்ளுவர் வகுத்து வைத்த நாட்டில், உரைத்திறத்தையே வாழ்நாட் பணியாகக் கொண்டு ஊதியம் பெறும் பேராசிரியரை விரல்விட்டு எண்ணப் புகுந்தால் விரல்களே மிஞ்சும். பேச்சுப் போட்டி உண்டு, பரிசுக் கிண்ணம் உண்டு, ஆய்வு எங்கே?

ஆகையால்தான் தமிழ் மேடையை ஆய அமெரிக்கர் ஒருவர் கடல்கடந்து வரவேண்டியதாயிற்று. பெர்னார்டு பேட்டு என்பவர் அவர். சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். யேல் பல்கலைக்கழகத்திலும் பின்னர்ச் சிங்கப்பூரிலும் ஆசிரியராக இருந்தவர். 1990-களில் மதுரையில் தங்கிப் பொதுக்கூட்டங்களில் மக்களோடு மக்களாக அமர்ந்தார். சுவரொட்டியையும் தோரணத்தையும் மேடை அமைப்பையும் விளிக்கும் அடைமொழிகளையும் குறித்துக்கொண்டார். 2009-இல் அவர்தம் நூலைக் கொலம்பியாப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. திராவிட இயக்கப் பேச்சாளர் வீட்டுப் பேச்சைக் கையாளாது செந்தமிழை மேடையேற்றியது ஏன், கேட்போர் அதனைத் தம் பழம்பெருமையின் குரலாக ஏற்றது எவ்வாறு என்பதே அதன் உட்கிடை. அதற்கும் முன்னே சென்று, 1847-ஆம் ஆண்டு திசம்பர் 31-இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சொற்பொழிவையும், நாட்டு விடுதலைக் கிளர்ச்சியின்போது தூத்துக்குடியில் எழுந்த தமிழ் மேடையையும் ஆய்ந்தார். அப்பணி முற்றுப்பெறுமுன் 2016-இல் மறைந்தார். எஞ்சியதை நண்பர்கள் ஒழுங்குசெய்து 2021-இல் நூலாக்கினர்.

அவரொடு முழுதும் ஒத்துப்போக வேண்டுவதில்லை. தமிழ் மேடையின் ஆற்றலுக்கு அவர் இட்ட பெயர் அழகியல் என்பது. சின்னசாமி அழகுக்காக எரியவில்லை. ஒலிநயத்தில் மயங்கிக் கன்னெயை ஊற்றிக்கொள்பவர் யாருமில்லை. இந்தி ஆட்சிமொழியானால் தம் மக்கள் தம் மண்ணிலேயே ஏவலராவர் என்னும் உண்மை அச்சொற்களுக்குள் இருந்தது. அழகு அதனை ஏற்றிவந்த வண்டி. ஆயினும் ஓர் அமெரிக்கர் திடலின் புழுதியில் அமர்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார் என்பதை மறுக்கவியலுமா?

இன்னொருவர் சுமதி இராமசாமி. அமெரிக்க நாட்டில் வரலாற்றுப் பேராசிரியர். 1891 முதல் 1970 வரையிலான தமிழ்ப்பற்றின் வரலாற்றை 1997-இல் நூலாக்கியவர். தமிழ்ப்பற்று என்னும் சொல்லையே தம் ஆய்வின் நடுத்தூணாக நிறுத்தி, மறைமலையடிகள் முதல் சின்னசாமி வரை பலரை அதில் கொணர்ந்தார். 2004-இல் அவர் வெளியிட்ட மற்றொரு நூல் கடல்கொண்ட குமரிநிலத்தைப் பற்றியது. குமரிநாட்டை நிலமாகக் கொள்ளாது, இழப்புணர்ச்சி வரைந்த நிலப்படமாகவே அவர் கொண்டார். இது பாவாணர் வழிவந்தோர்க்கு உவப்பன்று. இயக்கத்தார் பலர் சினந்தனர். சினம் இயல்பே; ஆனால் சினம் ஆய்வாகாது. அவர் எடுத்தாண்டவை எவை? தமிழியக்கத்தாரின் சிறு வெளியீடுகள், மாநாட்டு மலர்கள், பழைய திங்களிதழ்கள். அவற்றைத் தேடித் தொகுத்தவர் அவர். அச்சிட்ட இயக்கத்தார் வீடுகளில் அவை செல்லரித்துக் கிடந்தன, அல்லது பழந்தாள் கடைக்கு எடைக்குப் போயின. கோட்டையூர் ரோசா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த ஏறத்தாழ ஓரிலக்கம் நூலும் இதழும் அவர் மறைந்தபின் 1994-இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் பொருளாலன்றோ சிதறாமல் காக்கப்பெற்றன? தொகுப்புச் சென்னையிலேயே நிலைபெற்றது தமிழரின் நற்பேறு. வாங்க முன்வந்த பணம் சென்னையினதன்று என்பது தமிழரின் நாணம்.

இதில் தனித்தமிழ் இயக்கத்துக்கு நேரடியான இழப்பு ஒன்றுண்டு. அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்பது, தொண்ணூறு ஆண்டுகட்கு முந்தைய செய்தித்தாளைப் புரட்டினால், அங்கே கூட்டத்துக்கு அக்கிராசனர் இருப்பார். அவர் பிரசங்கம் செய்வார். காரியதரிசி நன்றி கூறுவார். தேர்தலில் அபேட்சகர் நிற்பார். வென்றவர் சட்டசபை அங்கத்தினராகி மந்திரியாவார். இன்று? தலைவர், சொற்பொழிவு, செயலாளர், வேட்பாளர், சட்டமன்ற உறுப்பினர், அமைச்சர். நமசுகாரம் போய் வணக்கம் வந்தது. தனித்தமிழ் எவர்க்கும் விளங்காது என எள்ளுவோரும் இச்சொற்களால்தான் எள்ளுகின்றனர்! உலகில் ஒரு மொழி தன் பொதுவாழ்வுச் சொற்களை ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு மாற்றிக்கொண்டது சிறிய நிகழ்ச்சியன்று. அதைச் செய்தது அகரமுதலியா, அரசாணையா, மேடையா? மேடையே என்பது இயக்கத்தாரின் உறுதி. எழுத்தறியாத உழவனும் வேட்பாளர் என்று சொல்லத் தொடங்கியது, அச்சொல்லை ஒலிபெருக்கி வழியே ஆயிரமுறை கேட்டதனால்தான். எனினும் உறுதி வேறு, மெய்ப்பு வேறு. எந்த ஆண்டில், எந்த மாவட்டத்தில், எந்த இதழில் அபேட்சகர் தளர்ந்து வேட்பாளர் எழுந்தார் என்று காட்டச் சொன்னால் காட்டவியலுமா?

அதனைக் காட்டத்தான் கணினிவழி மாந்தவியல் உதவும். ராபர்ட்டோ பூசா என்னும் இத்தாலியத் துறவி, தாமசு அக்குவினாவின் நூல்களிலுள்ள ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்களையும் எண்ணி அடைவுசெய்ய எண்ணி 1940-களின் இறுதியில் ஒரு பொறி நிறுவனத்தை அணுகினார். முப்பதாண்டு உழைத்து முடித்தார். அவர் இயேசு சவையைச் சேர்ந்தவர். அச்சவையினர் நடத்தும் கல்லூரி திருச்சிராப்பள்ளித் தெப்பக்குளத்துக்கு அருகே 1883 முதல் நிற்கிறது என்பது நினைக்கத்தக்கது. ஒரு மெய்யியலாரின் சொல்லுக்கு ஒரு துறவி முப்பதாண்டு கொடுத்தார். ஒரு மக்களினத்தின் சொல்மாற்றத்துக்குத் தமிழர் எத்தனையாண்டு கொடுத்துள்ளனர்?

கொடுத்தோரும் உளர். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கிற்று. அதனை முன்னின்று நடத்திய கு. கலியாணசுந்தரம் சுவிட்சர்லாந்து நாட்டு உலோசானில் வேதியியல் ஆய்வாளர். ஊதியமின்றிப் பல நாட்டுத் தமிழர் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களைக் கணினியில் ஏற்றினர். ஈழத்தவர் 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் தொகுப்பு, ஈழத்து நூல், இதழ், துண்டறிக்கை முதலியவற்றைப் பல்லாயிரக்கணக்கில் காத்து வைத்துள்ளது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீக்கு இரையாக்கக் கண்ட மக்களுக்கு, தாள் எரியும் என்பதைப் பிறர் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டரசு 2001-இல் இணையவழிப் பல்கலைக்கழகம் கண்டதும் நற்செயலே. எனினும் இவற்றில் ஏறியவை பெரும்பாலும் நூல்கள். திடல் ஏறவில்லை. பெருந்தலைவர் உரைகளிற் சில அச்சேறின, ஒலிநாடாவிலும் உள. ஊர் ஊராக மிதிவண்டியில் சென்று, எண்ணெய் விளக்கொளியில் இரண்டு மணிநேரம் பேசிவிட்டுத் திண்ணையில் உறங்கிய இரண்டாம் வரிசைப் பேச்சாளர் சொன்னவை காற்றோடு போயின. சின்னசாமிகளை உருவாக்கியவர்கள் அவர்களே.

நினைவு தானாக நிலைத்து நிற்பதில்லை. அதற்குச் சோறு வேண்டும். காவிரிக்கு வடகரையில், திருவரங்கத்தில், பகல் பத்திலும் இராப் பத்திலும் அரையர்கள் நாலாயிரத்தைப் பாடியும் நடித்தும் காட்டுகின்றனர். வழிவழியாகச் சில குடும்பங்கள் அதனை நெஞ்சிற் சுமந்தன. கோயில் அவர்களுக்கு வாழ்வளித்தது. சமய வேறுபாடு கருதி இதனை இகழ்வது பேதைமை. இயக்கத்தின் நினைவைச் சுமப்பவனுக்கு வாழ்வளித்தவர் யார்? பாவாணர் 1934 முதல் 1943 வரை இதே திருச்சிராப்பள்ளியில் ஈபர் உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியராக இருந்தார். 1940-இல் ஒப்பியன் மொழிநூலை வெளியிட்டது இங்கிருந்தபோதுதான். பகலெல்லாம் மாணவர்க்குப் பாடம், இரவில் மொழியாய்வு. முதுகலைப் பட்டத்திற்கு அவர் அளித்த ஆய்வுரையைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. அகரமுதலித் திட்டம் அவரிடம் வந்தது 1974-இல். அப்போது அகவை எழுபத்திரண்டு. 1981-இல் மறைந்தார், முதல் மடலம் 1985-இல் வந்தது, அவர் காணாமலே. பட்டமேதும் பெறாத புகையிலை வணிகர் கி.ஆ.பெ. விசுவநாதம் இதே ஊரிலிருந்து அறுபதாண்டுக்கு மேல் மேடையில் தமிழை ஆண்டார். அவர் பெயரால் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அது தக்கதே. அவர்தம் உரைத்திறத்தை ஆயும் ஓர் இருக்கை அமைந்தால் அது இன்னும் தக்கதன்றோ? பாவேந்தர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் 1982 முதல் இவ்வூரில் உள்ளது. மேடைத்தமிழ் ஆய்வுக்கு வேறெந்த ஊரினும் இவ்வூரே உரியது. 1938 ஆகத்து முதல் நாள் நூற்றுவர் கொண்ட தமிழர் பெரும்படை உறையூரிலிருந்தன்றோ சென்னை நோக்கி நடந்தது!

அரசும் பல்கலைக்கழகமும் செய்யட்டும் என்று காத்திருக்க நாளில்லை. 1965-இல் இருபது அகவை மாணவராக இருந்தவர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார். அவர் எந்தத் திடலில், யார் பேசக் கேட்டார், எந்தச் சொல் அவரைத் தெருவுக்கு இழுத்தது என்பதை அவரே சொல்ல வேண்டும்; அவர்தம் மக்கள் சொல்லவியலாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் இயக்கத்தார் இருவர் முனைந்தால் போதும். கைப்பேசி ஒவ்வொருவரிடமும் உள்ளது. குரலைப் பதிய அது போதும். பேசுபவர் பெயர், ஊர், அகவை, கூட்டம் நடந்த நாள், இடம் என ஐந்து குறிப்பு இன்றியமையாதவை. அவையின்றேல் பதிவு வெறும் ஓசையாய்விடும். வீட்டுப் பரணிலுள்ள பழைய இதழ்களையும் துண்டறிக்கைகளையும் கூட்ட அழைப்புகளையும் எடைக்குப் போடாது படமெடுத்துவிட்டு, மூலத்தை மறைமலையடிகள் நூலகம் போன்ற ஓரிடத்தில் சேர்த்தல் வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று படிகள் வேண்டும்: ஒன்று திருச்சிராப்பள்ளியில், ஒன்று சென்னையில், ஒன்று கடல்கடந்த ஏதேனும் ஓரிடத்தில். யாழ்ப்பாணத்தில் எரிந்தவற்றுள் சிலவற்றுக்கு இரண்டாம் படி எங்குமே இல்லை.