‘சர்வர் டவுன்’... மாற்று லைன் என்னாச்சு?

ரேஷன் கடை, வங்கி, இ-சேவை மையம்... எங்கே போனாலும் "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்ற பதில்தான். ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

சில நேரம் சர்வரில் கோளாறே இருக்காது. நடுவில் லைன்தான் அறுந்திருக்கும். இதற்காகவே கேபிள் ஒன்று, சிம் கார்டு ஒன்று என 2 இணைப்பு வைக்கிறார்கள். கேபிள் போனதும் ரவுட்டர் தானாகவே சிம்முக்கு மாறிவிடும். வேலை நடப்பதால் கேபிள் போனதே யாருக்கும் தெரியாது. சிம்மும் படுத்த பிறகுதான் கூச்சல் கிளம்பும்.

இரண்டும் ஒரே கம்பெனி என்றால் இன்னும் மோசம். 2022 ஜூலை 8-ந் தேதி கனடாவில் ரோஜர்ஸ் நெட்வொர்க் படுத்தது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் தவித்தனர். அதையே நம்பியிருந்த இன்டராக் டெபிட் கார்டு சேவையும் நாடு முழுவதும் முடங்கியது. அதன் பிறகுதான் இன்னொரு கம்பெனி லைனையும் சேர்க்க முடிவெடுத்தார்கள்.

எந்த லைன் எப்போது போச்சு, எப்போது திரும்பி வந்தது என்பதெல்லாம் இத்தகைய ரவுட்டர்களில் தேதி, நேரத்தோடு பதிவாகும். தினமும் காலையில் அதைப் பார்க்க 5 நிமிடம் போதும். பார்ப்பது யார் பொறுப்பு? அதிகாரிகள் முதலில் அதைச் சொல்லட்டும்!